எடின்பரோவில் கேள்வி கேட்ட வெள்ளாளன்விளைக்காரர்: யார் இந்த பிஷப் அசரியா?

மதகடிப்பட்டில் பஸ் ஏறி, வில்லியனூர் வழியாகப் புதுச்சேரிக்குப் போய், மிஷன் வீதி பக்கம் நடந்தால் சம்பா கோயில் வரும். நம்ம ஊர்க்காரங்க எல்லோருக்கும் தெரிந்த கோயில். ஆனா, அந்த இடத்தில் முன்பு இருந்த தேவாலயத்துக்குள் ஒரு சுவர் இருந்தது எத்தனை பேருக்குத் தெரியும்?

ஆனந்தரங்கப் பிள்ளையின் நாட்குறிப்பில், 1745 அக்டோபர் மாதப் பதிவுகளில் இந்தக் கதை வருகிறது. தலித் கிறிஸ்தவர்கள் ஒரு பக்கம், மற்ற சாதிக் கிறிஸ்தவர்கள் இன்னொரு பக்கம். நடுவில் சுவர். ஒரே பூசை, ஒரே பாதிரியார். தலித் கிறிஸ்தவர்கள் முறையிட்ட பிறகு சுவரை இடிக்க உத்தரவு போகிறது. உடனே மற்ற தரப்பு கொதித்துப் போகிறது. அந்தக் கட்டடமே 1761-ல் பிரிட்டிஷ்காரர்கள் நகரைப் பிடித்தபோது தரைமட்டமானது. இப்போது நாம் பார்ப்பது அதற்குப் பிறகு எழுப்பியது.

எல்லோர் கையிலும் ஒரே பைபிள்தான். அப்புறம் எப்படி நடுவில் சுவர் வந்தது? இந்தக் கேள்வியை வாழ்நாள் முழுக்கத் தூக்கிச் சுமந்த ஒரு தமிழர் இருந்தார். பெயர் வேதநாயகம் சாமுவேல் அசரியா. ஆங்கிலிக்கன் திருச்சபையின் முதல் இந்திய பிஷப். பைபிளைப் படித்தால் போதாது, அதன்படி யாரோடு உட்கார்ந்து சாப்பிடுகிறோம் என்பதுதான் சோதனை என்று அவர் நம்பினார்.

எங்கிருந்து வந்தார்?

இன்றைய தூத்துக்குடி மாவட்டத்தில் உள்ள வெள்ளாளன்விளை என்ற கிராமத்தில், 1874 ஆகஸ்ட் 17-ல் பிறந்தார். அப்பா தாமஸ் வேதநாயகம், ஆங்கிலிக்கன் பாதிரியார். நாடார் சமூகத்துக் குடும்பம். அந்தக் காலத்தில் நாடார்களுக்குப் பல ஊர்களில் கோயிலுக்குள் நுழையவே அனுமதி கிடையாது. சாதி என்றால் என்ன என்பதைப் புத்தகத்தில் படித்துத் தெரிந்துகொள்ள வேண்டிய நிலையில் அவர் இல்லை.

சிறு வயதிலேயே அப்பா இறந்துவிட்டார். மெய்ஞ்ஞானபுரம் பள்ளியில் படித்தபோதே, மாணவர்களுக்குள் இருந்த சாதிப் பிரிவைக் குறைக்க நண்பர்களோடு சேர்ந்து ஒரு சங்கம் தொடங்கினார். பிறகு சென்னை கிறிஸ்தவக் கல்லூரி. ஆனா டிகிரி வாங்கவில்லை. பரீட்சை நேரத்தில் உடம்பு சரியில்லாமல் போனது, அதோடு படிப்பும் நின்றது.

1895-ல் ஒய்.எம்.சி.ஏ. செயலாளராக வேலைக்குச் சேர்ந்தார். தென்னிந்தியா முழுக்கச் சுற்றினார். 1898-ல் அன்பு மாரியம்மாள் சாமுவேலைத் திருமணம் செய்தார். கல்லூரிப் படிப்பு வரை போன தென்னிந்தியக் கிறிஸ்தவப் பெண்களில் முதல் சிலரில் அவரும் ஒருவர். பின்னாளில் பெண்களுக்கான திருச்சபைப் பணி முழுவதையும் முன்னின்று நடத்தியவர் அவர்தான்.

யாழ்ப்பாணத்தில் என்ன நடந்தது?

1902-ல் யாழ்ப்பாணம் போனார் அசரியா. அங்கிருந்த தமிழ்க் கிறிஸ்தவர்கள் தங்கள் சொந்தக் காசில் மிஷனரிகளை வெளியூருக்கு அனுப்பிக்கொண்டிருந்தார்கள். இதைப் பார்த்ததும் அவருக்குச் சுருக்கென்று இருந்தது. திருநெல்வேலியில் பல தலைமுறையாகக் கிறிஸ்தவர்கள் இருக்கிறார்கள். பள்ளி, கோயில், சம்பளம் எல்லாம் இங்கிலாந்திலிருந்து வருகிறது. நாம் யாருக்கு என்ன கொடுத்தோம்?

ஊர் திரும்பியதும் வேலை ஆரம்பமானது. 1903 பிப்ரவரியில் திருநெல்வேலி இந்திய மிஷனரி சங்கம் உருவானது. ஆள், பணம், நிர்வாகம் மூன்றும் இந்தியர்களுடையது என்பதுதான் விதி. தெலுங்கு பேசும் பகுதியில், நிஜாம் ஆட்சிக்கு உட்பட்ட தோர்ணக்கல் என்ற ரயில் சந்திப்பு ஊரைத் தேர்ந்தெடுத்தார்கள். 1905 கிறிஸ்துமஸ் அன்று, வங்காளத்தின் செராம்பூரில் அகில இந்திய அளவில் தேசிய மிஷனரி சங்கமும் தொடங்கியது. அதிலும் அசரியா முக்கியப் பங்கு வகித்தார்.

மற்றவர்களை அனுப்பிவிட்டு, தான் ஆபீஸில் உட்கார்ந்திருப்பதா? 1909-ல் குருப்பட்டம் பெற்று, வசதியான செயலாளர் வேலையை விட்டுவிட்டு, குடும்பத்தோடு தோர்ணக்கல் கிளம்பினார். அப்போது வயது 35. அதன் பிறகுதான் தெலுங்கு படிக்க ஆரம்பித்தார்.

எடின்பரோவில் அப்படி என்ன பேசினார்?

1910 ஜூன். ஸ்காட்லாந்தின் எடின்பரோவில் உலக மிஷனரி மாநாடு. சுமார் 1,200 பிரதிநிதிகள். ஆசியாவிலிருந்து வந்தவர்கள் 20 பேர்கூட இல்லை. அவர்களில் ஒருவர் அசரியா. அவரைப் பேசச் சொல்லி ஊக்கப்படுத்தியவர் சென்னை பிஷப் ஹென்றி ஒயிட்ஹெட்.

வெளிநாட்டு மிஷனரிகளும் உள்நாட்டு ஊழியர்களும் எப்படிச் சேர்ந்து வேலை செய்வது என்பது தலைப்பு. நன்றி சொல்லிவிட்டு உட்கார்ந்திருக்கலாம். அவர் அப்படிச் செய்யவில்லை. பல வருடம் கூடவே வேலை செய்கிற இந்தியரை வீட்டுக்குக் கூப்பிட்டு ஒரு வேளை சாப்பாடு போடாத மிஷனரிகள் இருக்கிறார்கள் என்று முகத்துக்கு நேரே சொன்னார். உறவு முதலாளி, வேலைக்காரன் உறவாக இருக்கிறது என்றார்.

இங்கேதான் அவர் பைபிளைப் பயன்படுத்திய விதத்தைக் கவனிக்கணும். கொரிந்தியர்களுக்குப் பவுல் எழுதிய முதல் கடிதத்தில் 13-ம் அதிகாரம் அன்பைப் பற்றியது. கிறிஸ்தவத் திருமணங்களில் அடிக்கடி வாசிக்கிற பகுதி. சொத்து முழுவதையும் ஏழைகளுக்குக் கொடுத்தாலும், உடலையே நெருப்புக்குக் கொடுத்தாலும், அன்பு இல்லையென்றால் பயன் இல்லை என்பது அதன் சாரம்.

அசரியா இதைத் திருமண வீட்டிலிருந்து எடுத்து, ஆள்பவர்களும் ஆளப்படுபவர்களும் இருந்த அரங்கத்தில் வைத்தார். நீங்கள் சொத்தைக் கொடுத்தீர்கள், உயிரையும் கொடுத்தீர்கள், அதற்கு இந்தியத் திருச்சபை என்றைக்கும் நன்றியோடு இருக்கும் என்றார். ஆனா பவுல் சொன்ன மூன்றாவது விஷயம் எங்கே? அதைத்தான் கேட்கிறோம், எங்களுக்கு நண்பர்களாக வாருங்கள் என்று முடித்தார்.

அரங்கில் கைதட்டலும் இருந்தது, முணுமுணுப்பும் இருந்தது. மிஷனரிகளில் சிலர் கடுப்பானார்கள். அந்த மாநாட்டில் நடந்த பல பேச்சுகளை உலகம் மறந்துவிட்டது. இந்தப் பேச்சு இன்றும் இறையியல் கல்லூரிகளில் பாடமாக இருக்கிறது.

பிஷப் ஆனதும் என்ன செய்தார்?

இந்தியர் ஒருவருக்குக் கீழே வெள்ளைக்காரப் பாதிரிகள் வேலை செய்வதா என்ற எதிர்ப்பையும் மீறி, 1912 டிசம்பர் 29-ல் கல்கத்தா செயின்ட் பால் பேராலயத்தில் அவர் பிஷப் ஆனார். தோர்ணக்கல் மறைமாவட்டம் அவர் பொறுப்பில் வந்தது.

அங்கே திருச்சபைக்கு வந்தவர்களில் பெரும்பாலானோர் மாலா, மாதிகா என்ற இரண்டு தலித் சமூகத்தினர். நிலமில்லாத கூலிகள். மற்ற சாதியினர் இவர்கள் இருவரையும் ஒதுக்கினார்கள். இவர்களுக்குள்ளும் ஒருவரை ஒருவர் ஒதுக்கும் வழக்கம் இருந்தது. ஆங்கிலிக்கன் திருவிருந்திலோ எல்லோரும் ஒரே கிண்ணத்தில் குடிக்க வேண்டும். தனிக் கிண்ணம், தனி வரிசை என்ற பேச்சுக்கே இடமில்லை என்பதில் அசரியா உறுதியாக இருந்தார். சாதிப் பிரிவு முழுசா ஒழிஞ்சிடுச்சா? இல்லை. ஆனா கோயிலுக்குள் அதற்குச் சட்டபூர்வமான இடம் கிடையாது என்பது தெளிவானது.

இன்னொரு வழக்கமும் கொண்டுவந்தார். நற்செய்தியைச் சொல்லாவிட்டால் தனக்குக் கேடு என்று பவுல் ஓரிடத்தில் எழுதுகிறார். பாதிரிகள் தங்களுக்கான வசனமாகவே பொதுவாக அதை எடுத்துக்கொள்வார்கள். அசரியா, ஞானஸ்நானம் வாங்கிய ஒவ்வொருவரையும் தன் தலையில் தானே கையை வைத்து அந்த வசனத்தின் பொருளில் உறுதி எடுக்கச் சொன்னார். எழுதப் படிக்கத் தெரியாத கூலித் தொழிலாளியும் அதைச் செய்தார். ஊரில் வாயைத் திறக்கவே உரிமை இல்லாத ஒருவருக்கு, உனக்குச் சொல்ல ஒரு செய்தி இருக்கிறது என்று ஒரு பிஷப் சொன்னால் எப்படி இருந்திருக்கும்? யோசிச்சுப் பாருங்க.

காசு விஷயமும் அப்படித்தான். ஏழைகள் வாங்குகிறவர்கள் மட்டும்தான் என்ற எண்ணம் அவருக்குப் பிடிக்காது. சமைக்கும்போது ஒரு பிடி அரிசியைத் தனியாக எடுத்து வைத்து, சேர்த்துக் கோயிலுக்குக் கொண்டுவரும் பழக்கத்தை ஊக்குவித்தார். கிறிஸ்தவர்கள் எப்படிக் கொடுக்க வேண்டும் என்று தனிப் புத்தகமே எழுதினார்.

1935 வாக்கில் அவரது மறைமாவட்டத்தில் சுமார் 250 இந்தியக் குருமார்கள், 2,000-க்கும் மேற்பட்ட கிராம ஆசிரியர்கள் இருந்தார்கள். மருத்துவமனைகள், கூட்டுறவுச் சங்கங்கள், அச்சகங்களும் வந்தன. 1939 ஜனவரி 6-ல் திறந்த தோர்ணக்கல் பேராலயத்தைப் பார்த்தால் இந்துக் கோயில், மசூதி இரண்டின் கட்டடக் கலையும் கலந்திருப்பது தெரியும். லண்டனைக் காப்பியடித்த கோபுரம் அங்கே கிடையாது.

காந்தியோடு என்ன பிரச்சினை?

தலித் மக்கள் கூட்டம் கூட்டமாக மதம் மாறுவதை காந்தி ஏற்கவில்லை. 1930-களில் ஹரிஜன் இதழில் தொடர்ந்து எழுதினார். அசரியாவின் பணியும் அந்த விவாதத்துக்குள் வந்தது. மதம் என்றால் என்னவென்று புரியாமல் மாறுகிறார்கள் என்பது காந்தி தரப்பு வாதம். தாழ்த்தப்பட்டவர்களுக்கு மட்டும் சுயமாக முடிவெடுக்கத் தெரியாது என்று எப்படிச் சொல்லலாம் என்பது அசரியா தரப்பு வாதம். இந்த விவாதம் இன்றும் முடியவில்லை.

ஆனா ஒரு விஷயத்தில் பலரும் எதிர்பார்க்காத நிலையை அசரியா எடுத்தார். கிறிஸ்தவர்களுக்குத் தனித் தொகுதி வேண்டாம் என்றார். அப்படிக் கொடுத்தால் திருச்சபை இன்னொரு சாதியாகிவிடும், நாட்டிலிருந்து விலகிப் போய்விடும் என்பது அவர் பயம்.

அம்பேத்கர் கேட்ட கேள்வி

1935 அக்டோபரில், இந்துவாகச் சாகமாட்டேன் என்று அம்பேத்கர் அறிவித்தார். அதன் பிறகு நடந்ததாக அசரியாவின் வாழ்க்கை வரலாறுகள் ஒரு சம்பவத்தைச் சொல்கின்றன. நாங்கள் கிறிஸ்தவர்களானால், எங்கே வாழ்ந்தாலும் ஒரே சபையாக, சாதிப் பாகுபாடு இல்லாமல் இருக்க முடியுமா என்று அம்பேத்கர் கேட்டாராம். அசரியாவால் ஆமாம் என்று சொல்ல முடியவில்லை. ஊருக்கு ஊர் ஆங்கிலிக்கன், மெதடிஸ்ட், லூத்தரன் என்று பிரிந்து கிடந்தார்கள். உள்ளே சாதியும் இருந்தது. வாழ்நாளில் அந்த அளவுக்கு வெட்கப்பட்டதில்லை என்று பிறகு அவரே சொன்னாராம்.

சபைகளை ஒன்றாக்கும் வேலையை அவர் அதற்கு முன்பே தொடங்கியிருந்தார். நம்ம காரைக்காலை ஒட்டியிருக்கும் தரங்கம்பாடியில், 1919 மே 1, 2 தேதிகளில் 33 பேர் கூடினார்கள். பெரும்பாலோர் இந்தியர்கள். அசரியா முன்னணியில் இருந்தார். சீடர்கள் ஒன்றாக இருக்க வேண்டும் என்று இயேசு செய்த ஜெபம் யோவான் நற்செய்தியில் இருக்கிறது. வெள்ளைக்காரர்கள் தங்கள் நாட்டுச் சண்டையால் பிரிந்தார்கள், அந்தப் பிரிவை நாம் ஏன் சுமக்க வேண்டும் என்பதுதான் கூட்டத்தின் சாரம்.

பேச்சுவார்த்தை முடிய 28 வருடம் ஆனது. 1947 செப்டம்பர் 27-ல் சென்னையில் தென்னிந்தியத் திருச்சபை, அதாவது சி.எஸ்.ஐ., பிறந்தது. அதைப் பார்க்க அசரியா இல்லை. 1945 ஜனவரி 1-ல், 70 வயதில் தோர்ணக்கல்லில் இறந்துவிட்டார்.

இப்போ எதுக்கு இந்தக் கதை?

சபைகள் இணைந்தன. சாதி போனதா என்பது வேறு கேள்வி. கள்ளக்குறிச்சி மாவட்டத்தில் இருக்கும் எறையூர், புதுவை - கடலூர் கத்தோலிக்க உயர்மறைமாவட்டத்துக்கு உட்பட்டது. அங்கே தலித் கிறிஸ்தவர்கள் தங்களுக்குத் தனிப் பங்கு கேட்டதையொட்டி 2008 மார்ச்சில் மோதல் வெடித்தது. போலீஸ் துப்பாக்கிச் சூட்டில் 2 பேர் இறந்தார்கள். தமிழ்நாட்டில் சாதிக்கொரு கல்லறைத் தோட்டம் இன்னும் பல ஊர்களில் இருக்கிறது.

இன்னொரு பக்கம் சட்டம். 1950-ல் வந்த குடியரசுத் தலைவர் ஆணைப்படி, கிறிஸ்தவராக மாறிய தலித்துக்குப் பட்டியல் சாதி அந்தஸ்து கிடையாது. சீக்கியர்களுக்கு 1956-லும் பௌத்தர்களுக்கு 1990-லும் சேர்த்தார்கள். கிறிஸ்தவத்தில் சாதி இல்லை என்று சட்டம் சொல்கிறது. கல்லறைச் சுவரோ வேறு சொல்கிறது.

சம்பா கோயிலில் சுவரை இடிக்கச் சொல்லிக் கேட்டவர்கள் பாதிக்கப்பட்டவர்கள். எறையூரில் கேட்டவர்களும் அவர்கள்தான். அசரியா கேட்டது மறுபக்கம் இருப்பவர்களிடம். பக்கத்தில் உட்காருகிறவரை உங்கள் வீட்டுக்குச் சாப்பிடக் கூப்பிட்டிருக்கிறீர்களா என்றார். கிறிஸ்தவர்கள் மட்டுமில்லை, நாம எல்லோருமே இந்த ஞாயிற்றுக்கிழமை அதற்குப் பதில் சொல்லிப் பார்க்கலாம்.