யுத்தத்தின் மிச்சத்தில் ஒரு வண்டி: மொரிஸ் வில்க்ஸின் கதை

கடந்த மழைக்காலத்தில் ஓர் இரவு, பசறைக்கு அப்பால் உள்ள ஒரு தோட்டத்தின் மேல் டிவிசனிலிருந்து இறங்கும் மண்பாதையில் எங்கள் லாண்ட் ரோவர் நின்றுவிட்டது. ஓடையைத் தாண்டி மறுபடி ஏறும் இடம் அது. பின்னால் பிரசவ வலியோடு ஒரு பெண், பக்கத்தில் அவருடைய தாய். நான்கு சக்கரத்துக்கும் கியரைப் போட்டாயிற்று. ஆனாலும் ஒரு முன்சக்கரமும் ஒரு பின்சக்கரமும் சேற்றில் சும்மா சுற்ற, மற்ற இரண்டும் கல்லாய் நின்றன. லயத்து இளைஞர்கள் ஓடிவந்து, மிலாறைச் சக்கரத்தின் கீழ் போட்டு, கயிறு கட்டி இழுத்து ஏற்றினார்கள். குழந்தை பதுளை ஆஸ்பத்திரியில்தான் பிறந்தது. ஆனால் அந்த ஏற்றத்தில் நாற்பது நிமிடம் போய்விட்டது.

அன்றிலிருந்து ஆளாளுக்கு ஆலோசனை. முன் அக்சிலுக்கு லொக் போடு என்கிறார் ஒருவர். ஹப்பை மாற்று என்கிறார் இன்னொருவர். 1983இல் பதுளையை விட்டு வன்னிக்குப் போய், 2009க்குப் பிறகு திரும்பி வந்த குடும்பம் எங்களுடையது. மூன்று பேர் சேர்ந்து வாங்கிய வண்டி அது. 1960களில் செய்தது, 109 அங்குல இரண்டாம் தொடர், துரைமார் ஓட்டிக் கழித்தது. கையில் இருக்கும் பணம் ஒருமுறைதான் செலவாகும். ஆகவே இந்த அக்சிலை வடிவமைத்தவர் என்ன நினைத்து வடிவமைத்தார் என்று தேடப்போனேன். அப்படித்தான் மொரிஸ் வில்க்ஸிடம் வந்து சேர்ந்தேன்.

1904 ஆகஸ்ட் 19இல் இங்கிலாந்தின் தென்கரையில் உள்ள ஹெய்லிங் தீவில் பிறந்தவர் அவர். ஹில்மன் கார்க் கம்பனியில் தொழில் பழகி, அமெரிக்காவில் ஜெனரல் மோட்டர்ஸில் இரண்டு ஆண்டுகள் இருந்துவிட்டுத் திரும்பி, 1930இல் ரோவர் கம்பனிக்குத் தலைமைப் பொறியியலாளராக வந்தார். அண்ணன் ஸ்பென்சர் வில்க்ஸ் அங்கே நிர்வாகத்தைப் பார்த்தார், தம்பி வரைபடத்தைப் பார்த்தார். அதிகம் பேசாத, கூச்ச சுபாவமுள்ள மனிதர் என்றே அவரைப் பற்றி எழுதியவர்கள் சொல்கிறார்கள்.

பிறகு யுத்தம். 1940 நவம்பரில் ஜேர்மன் விமானங்கள் கொவென்ட்ரி நகரத்தின் மீது குண்டு பொழிந்தன. ரோவரின் பழைய தொழிற்சாலை பெரும் சேதமடைந்தது. அதே ஆண்டுகளில் பிராங்க் விட்டிலின் ஜெட் எஞ்சினைச் செய்து கொடுக்கும் பொறுப்பும் ரோவரிடம் வந்தது. விட்டிலுக்கும் வில்க்ஸ் சகோதரர்களுக்கும் ஒத்துப்போகவில்லை. விட்டிலின் வடிவமைப்பை அவருக்குத் தெரியாமலே மாற்றி வரைந்தார்கள். பொறியியல் ரீதியாக அந்த மாற்றம் சரியாக இருந்திருக்கலாம், ஆனாலும் செய்த விதம் நன்றாக இல்லை என்பது என் அபிப்பிராயம். 1943இல் ஜெட் வேலையை ரோல்ஸ் ரொய்ஸிடம் கொடுத்துவிட்டு, பதிலுக்குத் தாங்கி எஞ்சின் வேலையை வாங்கிக்கொண்டார்கள்.

யுத்தம் முடிந்தபோது ரோவரிடம் இருந்தது சொலிஹல் என்ற இடத்தில் விமான எஞ்சினுக்காகக் கட்டிய பெரிய தொழிற்சாலை. அதில் செய்வதற்குத்தான் பொருள் இல்லை. உருக்கு ரேஷனில். வெளிநாட்டுக்கு விற்கிறவனுக்கே உருக்கு என்பது அரசின் கொள்கை. ரோவர் செய்துவந்த உயர்தரக் கார்களை அந்த நாட்களில் வாங்குவார் குறைவு.

வேல்ஸின் அங்கிள்சி தீவில் வில்க்ஸுக்கு ஒரு பண்ணை இருந்தது. அங்கே அமெரிக்க இராணுவம் விட்டுப்போன ஒரு பழைய ஜீப்பை ஓட்டினார். உழவு இயந்திரம் செய்யும் வேலை, லொறி செய்யும் வேலை இரண்டையும் அது செய்தது. தேய்ந்துபோனால் அதற்கு மாற்றாக வாங்க வேறொன்று இல்லை. 1947இல் அந்தத் தீவின் ரெட் வாவ் கடற்கரை மணலில் ஒரு வண்டியின் உருவத்தைக் கீறி அண்ணனுக்குக் காட்டினார் என்பது அந்தக் குடும்பத்தின் கதை.

முதல் மாதிரி ஜீப்பின் சட்டத்தின் மேலேயே கட்டப்பட்டது. உழவு இயந்திரம் போல ஸ்டியரிங்கை நடுவில் வைத்துப் பார்த்து, பிறகு கைவிட்டார்கள். உடல் முழுவதும் அலுமினியக் கலவை. விமானம் செய்வது குறைந்ததால் அலுமினியம் தாராளமாகக் கிடைத்தது. உருக்குத் துண்டுகளை வெட்டி ஒட்டிச் சட்டம் செய்தார்கள். விமானிகளின் அறைக்குப் பூசி மிஞ்சிய பச்சை வர்ணம்தான் முதல் வண்டிகளின் நிறம். வன்னியில் பெற்றோல் இல்லாத காலத்தில் மண்ணெண்ணெயில் மோட்டார் சைக்கிள் ஓட்டிய நமக்கு இந்தப் புத்தி புதிதல்ல. ஊவா மழையில் என் வண்டியின் உடல் இன்றும் உக்கவில்லை. சட்டம்தான் உக்குகிறது. இரண்டு முறை ஒட்டுப் போட்டாயிற்று.

1948 ஏப்ரல் 30இல் அம்ஸ்டர்டாம் கண்காட்சியில் லாண்ட் ரோவர் வெளிவந்தது. ஓரிரு ஆண்டுகளுக்கு ஒப்பேற்றினால் போதும், பிறகு கார் விற்கலாம் என்பதே திட்டம். 1959இல் 250,000ஆவது வண்டி வெளியேறியது.

எனக்கு வேண்டிய விடயம் அந்த முதல் வண்டியின் முன் அக்சிலில் இருந்தது. நான்கு சக்கரமும் எப்போதும் இழுக்கும்படி செய்த வில்க்ஸின் குழு, முன் அக்சிலுக்குப் போகும் வழியில் ஒரு சுயாதீனச் சுழலியை வைத்தது. வளைவில் முன்சக்கரங்கள் பின்சக்கரங்களை விடக் கூடுதலான தூரம் ஓடவேண்டும். கெட்டியான வீதியில் இரண்டு அக்சிலையும் இறுகக் கட்டினால் கியர் பெட்டி முறுகும். அதைத் தவிர்க்கத்தான் இந்தச் சுழலி. சேற்றிலும் இறக்கத்திலும் அதைப் பூட்டுவதற்குக் கால் வைக்கும் இடத்தில் ஒரு வளையம் இருந்தது. 1950களின் தொடக்கத்தில் அதையும் எடுத்துவிட்டு, வேண்டும்போது மட்டும் முன் அக்சிலைச் சேர்க்கும் முறைக்கு வந்தார்கள். என் வண்டியில் இருப்பது அதுதான்.

ஆனால் ஒரே அக்சிலின் இடது, வலது சக்கரங்களுக்கு இடையே இருக்கும் டிஃபரன்ஷியலில் அவர்கள் பூட்டு வைக்கவில்லை. ஒரு சக்கரம் வழுக்கினால், அதைச் சுற்றப் போதுமான சிறிய பலம்தான் மற்றதற்கும் கிடைக்கும். அன்றிரவு எங்களுக்கு நடந்தது இதுதான்.

அதற்காக முன்னால் தானாகப் பூட்டும் லொக்கர் போடலாமா? பண்டாரவளையில் எங்கள் வண்டியைப் பார்க்கும் பாஸ் மறுத்துவிட்டார். யோசித்தால் அவர் சொல்வது சரி. பூட்டிய முன் அக்சில் திரும்ப மறுத்து நேரே போகப் பார்க்கும். நம் பாதையில் நேரே போனால் பள்ளம். சரிந்த களிமண்ணில் இரண்டு முன்சக்கரமும் ஒன்றாகச் சுற்றினால் மூக்கு பள்ளத்துப் பக்கம் வழுகும். பூட்டாத டிஃபரன்ஷியலில் சுற்றாமல் நிற்கும் ஒரு சக்கரமாவது வண்டியைத் தடத்தில் பிடித்துவைக்கும். இந்த அக்சிலின் மெல்லிய பத்துப் பல் தண்டும் திருப்பத்தில் இருக்கும் மூட்டும் அத்தனை பலத்தையும் தாங்கா. காற்றால் பூட்டி விடுவிக்கும் லொக்கர் நல்லது, விலைதான் எட்டாது. பல்சக்கரத்தால் பலத்தைப் பகிரும் வகை முன் அக்சிலுக்குப் பொருத்தம். ஆனால் ஒரு சக்கரம் அந்தரத்தில் தொங்கினால் பிரேக்கை மெல்ல மிதித்துத்தான் அதை வேலை செய்ய வைக்கவேண்டும். சிலர் சொல்லும் சுயாதீன ஹப் இழுவையைக் கூட்டாது, தேய்மானத்தை மட்டும் குறைக்கும். இரவில் மழையில் அதைப் பூட்ட மறந்தால் இருப்பதும் போய்விடும்.

முடிவு இதுதான்: முதலில் மண்ணைக் கடிக்கும் ஒடுங்கிய டயர் நான்கு. முன் மூட்டுகளையும் சீல்களையும் புதிதாக்குவது. பணம் மிஞ்சினால் லொக்கர் பின் அக்சிலுக்கு. 2014 ஒக்டோபர் 29இல் மீரியபெத்தையில் மலை சரிந்து லயங்களை மூடிய பிறகு, மழை கூடினால் இந்தப் பக்கத்தில் யாரும் நிம்மதியாகத் தூங்குவதில்லை. ஆட்களை ஏற்றி இறக்கவேண்டியதும் இதே வண்டிதான். பகட்டுக்குச் செலவழிக்க முடியாது.

வில்க்ஸின் மனம் கடைசிவரை விசையாழி எஞ்சினில் இருந்ததாகத் தெரிகிறது. 1950இல் உலகின் முதல் எரிவாயு விசையாழிக் காரை ரோவர் காட்டியது. 1952இல் பெல்ஜியத்து நெடுஞ்சாலையில் அது மணிக்கு 152 மைல் ஓடியது. ஆனால் அது விற்பனைக்கு வரவேயில்லை. 1962இல் கம்பனியின் தலைவரானார். அடுத்த ஆண்டு செப்டெம்பர் 8இல் அங்கிள்சியில், 59 வயதில், திடீரென இறந்தார். பண்ணைக்கு அருகில் ஒரு சிறிய தேவாலயத்தில் அடக்கம். கல்லறைக் கல்லில் அவரது மென்மையும் அடக்கமும் சொல்லப்பட்டிருக்கின்றன, விசையாழிக் காரும் சொல்லப்பட்டிருக்கிறது. லாண்ட் ரோவர் என்ற பெயர் அதில் இல்லை.

எங்கள் டயர்கள் வந்துவிட்டன. முன் ஹப்புக்கான சீல்கள் இந்த வாரம் பண்டாரவளைக்கு வரும் என்று கடைக்காரர் சொல்லியிருக்கிறார்.