ஞானத் தராசு ஏந்திய அல்காஸினீ

நீரில் உப்பு மிகுதியா, குறைவா என்பதைச் சுவைத்துப் பாராமலே அறியும் வழியை 900 ஆண்டுகட்கு முன் நூலில் வரைந்து வைத்த அப்துர் ரஹ்மான் அல்காஸினீ அவர்களை அறிவீர்களா, அன்பர்களே?

இன்றைய துருக்மெனிஸ்தானிலுள்ள மர்வ் நகரில், கருவூலக் காவலர் ஒருவரின் அடிமைச் சிறுவராக வளர்ந்தார் அவர். எசமானரே அவருக்கு உயர்கல்வி அளித்தார். சுல்தான் சன்ஜரின் கருவூலத்திற்கென ஹிஜ்ரி 515இல் (கி.பி. 1121) 'மீஸானுல் ஹிக்மா' எனும் 'ஞானத் தராசு' நூலை இயற்றினார்.

நீதியின் சிறப்போடு தொடங்கும் அந்நூல், கலப்படப் பொன்னைக் காட்டிக்கொடுக்கும் தராசை விளக்குகிறது. கிரேக்க அறிஞர் பாப்பஸின் நீர்மமானியையும் விவரிக்கிறது. கோடுகள் பொறித்த, உள்ளீடற்ற உலோகக் குழல் அது. அடர்ந்த நீர்மத்தில் உயர்ந்து மிதக்கும். நீர்த்ததில் ஆழ்ந்து அமிழும். நன்னீரை 1 எனக் கொண்டால், நூலின் அளவுப்படி கடல்நீர் 1.041, செறிந்த உப்புநீர் 1.134. பாலில் கலந்த நீரைக் காட்டும் இன்றைய பால்மானிக்கும் தத்துவம் இதுவே.

அமீர் ஒருவரின் மனைவி அனுப்பிய 1000 தீனாரை அவர் திருப்பி அனுப்பினார். ஆண்டுக்கு 3 தீனாரே அவருக்குப் போதுமானதாயிருந்தது. பிறர் பொருளை நிறுக்கக் கற்பித்தவர், தம் தேவையையும் நிறுத்தே வாழ்ந்தார். அளந்து விற்போரே, அளந்து வாங்குவோரே, இவ்வாழ்வைச் சிந்திப்பீர்களாக!