வலிப்பு நோயை ஒளிக்காத எழுத்தாளர்: தஸ்தயேவ்ஸ்கி

1866 அக்டோபர். ரஷ்யாவின் செயிண்ட் பீட்டர்ஸ்பர்க் நகரில் எழுத்தாளர் ஒருவரின் வீட்டுக்கு 20 வயது அன்னா சுருக்கெழுத்து வேலைக்காக வந்தார். வந்து சில நிமிடங்கள்தான் ஆகியிருக்கும். தமக்கு வலிப்பு நோய் இருப்பதாகவும் சில நாள்களுக்கு முன்புகூட வந்ததாகவும் அந்த எழுத்தாளர் சொல்லிவிட்டார். முன்பின் தெரியாத தம்மிடம் அவர் இப்படி வெளிப்படையாகப் பேசியது அன்னாவுக்கு வியப்பாக இருந்தது.

அவர்தான் ஃபியோதர் தஸ்தயேவ்ஸ்கி. அப்போது ‘குற்றமும் தண்டனையும்’ நாவல் பத்திரிகையில் தொடராக வந்துகொண்டிருந்தது.

அந்த வெளிப்படைத்தன்மைக்குப் பின்னால் ஒரு பழைய காயம் உண்டு. 1849இல் அரசியல் வழக்கில் கைதான அவர், துப்பாக்கிகளின் முன் நிறுத்தப்பட்டுக் கடைசி நேரத்தில் உயிர் தப்பினார். பிறகு சைபீரியாவின் ஓம்ஸ்க் நகரில் 4 ஆண்டு சிறை, அதன்பின் ராணுவச் சிப்பாய் வேலை. அங்கே வந்த வலிப்பை வெறும் நரம்புத் தளர்ச்சி என்றே மருத்துவர்கள் சொல்லிவந்தனர். அதை நம்பி 1857 பிப்ரவரியில் மரியா என்ற விதவையை மணந்தார்.

புது மனைவியுடன் திரும்பும் வழியில், பர்னவுல் நகரில் கடுமையான வலிப்பு. மரியா அரண்டுபோனார். இது உண்மையான வலிப்பு நோய்தான், ஒருநாள் மூச்சடைத்து உயிரே போகலாம் என்று அங்கிருந்த மருத்துவர் கூறினார். முன்பே தெரிந்திருந்தால் திருமணமே செய்திருக்க மாட்டேன் என அண்ணன் மிகைலுக்குத் தஸ்தயேவ்ஸ்கி கடிதம் எழுதினார். வலிப்பை மறைத்துத் திருமணம் பேசி, பிறகு இரு வீட்டாரும் மனம் கசந்துபோகும் கதை தமிழ்க் குடும்பங்களுக்கும் புதிதல்ல.

அதே நோயைக் காரணம் காட்டி விண்ணப்பித்துத்தான் 1859இல் ராணுவத்திலிருந்து அவர் விடுபட்டார். மரியா 1864இல் காசநோயால் இறந்தார்.

அன்னாவின் உதவியோடு 26 நாளில் ‘சூதாடி’ நாவலைச் சொல்லி முடித்த தஸ்தயேவ்ஸ்கி, 1867 பிப்ரவரியில் அவரையே மணந்தார். சில நாள்களில், அன்னாவின் அக்காள் வீட்டு விருந்தில் பேசிக்கொண்டிருந்தவர் அலறிச் சாய்ந்தார். அக்காள் பயந்து அறையை விட்டே ஓடினார். அன்னாதான் அவரைத் தாங்கிப் பிடித்து, தலையை மடியில் வைத்துக்கொண்டார். அன்றே இரண்டாம் முறையும் வலிப்பு வந்தது.

ஒவ்வொரு வலிப்புக்குப் பிறகும் பல நாள் மனம் இருண்டு கிடக்கும். ஏதோ பெரிய குற்றம் செய்துவிட்டதுபோல் வாட்டும். நினைவும் தடுமாறும். வலிப்பு வந்த தேதிகளை நோட்டில் குறித்துவைத்தபடியே எழுதினார். நோயைத் தடுக்க நல்ல மருந்து இல்லாத காலம் அது.

அந்த அனுபவத்தைத்தான் ‘அசடன்’ நாவலில் இளவரசன் மிஷ்கினுக்குக் கொடுத்தார். வலிப்புக்கு முந்தைய சில நொடிகளில் பொங்கும் பேரானந்தத்தை அவர் உள்ளிருந்து எழுதிய பக்கங்களை நரம்பியல் மருத்துவர்கள் இன்றும் எடுத்துக்காட்டுகின்றனர். நோயாளியைப் புனிதராக மட்டும் அவர் காட்டிவிடவில்லை என்பதும் கவனிக்கத்தக்கது. ‘கரமசோவ் சகோதரர்கள்’ நாவலில் வலிப்பு வந்ததுபோல் நடித்துக் கொலை செய்பவனும் வலிப்பு நோயாளிதான்.

அந்த நாவலுக்குப் பின்னால் ஒரு சிறு சவக்குழி இருக்கிறது. 1878 மே மாதம், மூன்று வயதுகூட நிரம்பாத மகன் அல்யோஷா வலிப்பு வந்து இறந்தான். தம்மிடமிருந்தே குழந்தைக்கு அந்த நோய் போனதென்ற எண்ணம் தந்தையை உடைத்துப்போட்டது. மறுமாதம் ஆப்தினா மடத்துக்குச் சென்று திரும்பியவர், நாவலின் நாயகனுக்கு மகனின் பெயரையே வைத்தார். அதே வயதில் பிள்ளையைப் பறிகொடுத்த ஓர் ஏழைத் தாயும் அதில் வந்து அழுகிறாள்.

நாவல் முடிந்து மூன்று மாதத்தில், 1881 பிப்ரவரி 9ஆம் தேதி, 59 வயதில் அவர் காலமானார். பர்னவுல் மருத்துவர் எச்சரித்ததுபோல் வலிப்பினால் அல்ல, நுரையீரல் ரத்தக்கசிவால். அப்போது 34 வயதான அன்னா மறுமணம் செய்யாமல் 1918 வரை வாழ்ந்தார். கணவருக்கு வலிப்பு வந்த நாள்களையும் ஒளிக்காமல் தம் நினைவுக் குறிப்புகளில் எழுதிவைத்தார்.