60 ஆண்டு மேடை, 8 குழந்தைகள், வீட்டில் ஒரே வருமானம்: யார் இந்த கிளாரா ஷூமான்?

ஜெர்மனியின் ஸ்விக்காவ் நகரத்தில், இசையமைப்பாளர் ராபர்ட் ஷூமான் பிறந்த வீடு இப்போது ஓர் அருங்காட்சியகம். அங்கே சுமார் 1,300 கச்சேரி நிகழ்ச்சி நிரல்கள் பத்திரமாக இருக்கின்றன. முதல் தாள் 1828-ஐச் சேர்ந்தது. கடைசித் தாள் 1891. எல்லாத் தாள்களிலும் வாசித்தவர் ஒருவர்தான். அவர் ராபர்ட் இல்லை. அவருடைய மனைவி கிளாரா.

என்னைப் போல எண்களோடு வேலை பார்க்கிறவர்களுக்கு இது லட்டு மாதிரி ஒரு தொகுப்பு. 63 வருடத்துக்கு 1,300 கச்சேரி என்றால் ஆண்டுக்கு ஏறக்குறைய 20. இரண்டரை வாரத்துக்கு ஒன்று. சராசரி எப்போதும் பாதி உண்மையைத்தான் சொல்லும் என்பதால், இதற்கு நடுவே என்னென்ன நடந்தது என்பதையும் சேர்த்துப் பார்க்க வேண்டும். ஒரு நீதிமன்ற வழக்கு, எட்டு பிரசவங்கள், கணவரின் மனநோய், நான்கு பிள்ளைகளின் மரணம்.

கிளாரா என்றாலே ராபர்ட்டுடனான காதலும் பிராம்ஸுடனான நட்பும்தான் பெரும்பாலும் பேசப்படும். அந்தக் கதைகளில் அவர் யாரோ ஒருவருக்கு உந்துதலாக மட்டும் வந்து போவார். நிகழ்ச்சி நிரல்களைப் பார்த்தால் தெரிவது வேறு ஒருவர். அவருக்கு இது தொழில். குடும்பம் சாப்பிட்டது அதில்தான்.

அப்பா எழுதிய டைரி

1819 செப்டம்பர் 13 அன்று லைப்ஸிக் நகரில் கிளாரா பிறந்தார். அப்பா ஃப்ரீட்ரிக் வீக், பியானோ ஆசிரியர். பியானோ விற்பனையும் செய்தார். அம்மா மரியான் பாடகி, பியானோ கலைஞர். நாலு வயது தாண்டியும் குழந்தை சரியாகப் பேசவில்லை. காது கேட்கவில்லையோ என்றுகூட வீட்டில் சந்தேகப்பட்டார்கள். அவருக்கு ஐந்து வயது ஆனபோது பெற்றோர் பிரிந்தார்கள். அன்றைய சாக்ஸனி சட்டப்படி குழந்தை அப்பாவுக்குத்தான். அம்மா பெர்லினுக்குப் போய்விட்டார்.

வீக்குக்கு மகள் ஒரு திட்டம். தினமும் பாடம், பல மணி நேரப் பயிற்சி, உடம்புக்கு நல்லது என்று நீண்ட நடை. பள்ளிக்கூடம் பெயரளவுக்குத்தான். மகள் பெயரில் ஒரு டைரியும் ஆரம்பித்தார். அதில் பல ஆண்டுகள் அவரே, மகள் எழுதுவது போலத் தன்மை இடத்திலேயே எழுதினார். ஒரு குழந்தையின் 'நான்' என்ற சொல்லைக்கூட அப்பா வைத்துக்கொண்ட வீடு அது.

1828-ல், 9 வயதில், லைப்ஸிக்கின் புகழ்பெற்ற கெவாண்ட்ஹவுஸ் அரங்கில் வேறொருவர் கச்சேரியில் ஒரு துண்டு வாசித்தார். 1830 நவம்பரில், 11 வயதில், அதே அரங்கில் தன் சொந்தக் கச்சேரி. பிறகு பாரிஸ் உட்பட ஊர் ஊராகப் பயணம். 16 வயதில் தானே எழுதிய பியானோ கான்செர்ட்டோவை மேடையேற்றினார். ஆர்கெஸ்ட்ராவை நடத்தியவர் மெண்டல்சன். 1838-ல் வியன்னாவில் அரசவைக் கலைஞர் பட்டம். அப்போது 18 வயது. அந்த ஊர் உணவகங்களில் அவர் பெயரில் கேக் விற்றார்கள். இன்றைய பிராண்டிங் ஆட்கள் கவனிக்க.

அவரைத் தனித்துக் காட்டிய இன்னொரு பழக்கம், நோட்ஸ் இல்லாமல் மனப்பாடமாக வாசித்தது. நம் ஊர்க் கச்சேரியில் யாராவது தாளைப் பார்த்து வாசித்தால்தான் நமக்கு விசித்திரமாக இருக்கும். அங்கே அன்று நேர்மாறு. இசையமைப்பாளரின் தாள் இல்லாமல் உட்காருவது திமிர் என்று சிலர் விமர்சித்தார்கள். இன்று மேற்கத்திய பியானோ மேடையில் அதுதான் வழக்கம். அந்த வழக்கத்தைக் கொண்டு வந்தவர்களில் கிளாரா முக்கியமானவர்.

கல்யாணத்துக்கு ஒரு வழக்கு

1830-ல் வீக்கிடம் மாணவனாக வந்து அதே வீட்டில் தங்கியவர் ராபர்ட் ஷூமான். 20 வயது, சட்டப் படிப்பைப் பாதியில் விட்டவர். சில வருடங்களில் வலது கை விரல் பாதிக்கப்பட்டு, பியானோ கலைஞராகும் கனவு போனது. இசை எழுதுவது, இசைப் பத்திரிகை நடத்துவது என்று திரும்பினார்.

1837-ல், கிளாராவுக்கு 18 வயது ஆகும் முன்பே, இருவரும் திருமணம் செய்துகொள்ள முடிவெடுத்தார்கள். வீக் ஒப்புக்கொள்ளவில்லை. நியாயமாகச் சொன்னால் அவர் கவலையில் பாதி, எந்த அப்பாவுக்கும் வரக்கூடியது: நிலையான வருமானம் இல்லாத மாப்பிள்ளை. மீதி பாதி வேறு. மேடையில் மகள் சம்பாதித்த பணம் அவர் கையில் இருந்தது. சம்மதத்துக்கு அவர் வைத்த நிபந்தனைகளில் ஒன்று, அந்தப் பணத்தை மகள் விட்டுக்கொடுக்க வேண்டும் என்பது.

அன்று கச்சேரி என்றால் வாசிப்பது மட்டும் இல்லை. அரங்கை வாடகைக்குப் பிடிக்க வேண்டும், டிக்கெட் அச்சடிக்க வேண்டும், நல்ல பியானோ ஏற்பாடு செய்ய வேண்டும், பத்திரிகைக்காரர்களைப் பார்க்க வேண்டும். எல்லாமே அதுவரை அப்பா செய்தார். 1839-ல் கிளாரா அப்பா இல்லாமல் பாரிஸுக்குப் போனார். 19 வயதில் அத்தனையையும் தானே செய்தார். அப்பா இல்லாமல் இவள் ஒன்றுமில்லை என்ற நினைப்பை முதலில் உடைத்தது அந்தப் பயணம்தான் என்பது என் கணிப்பு.

அந்த ஆண்டே இருவரும் நீதிமன்றம் போனார்கள். ராபர்ட் குடிகாரர் என்பது உட்பட வீக் பல குற்றச்சாட்டுகளை அடுக்கினார், நிரூபிக்க முடியவில்லை. 1840 ஆகஸ்டில் அனுமதி கிடைத்தது. செப்டம்பர் 12 அன்று கல்யாணம். மறுநாள் கிளாராவுக்கு 21 வயது.

ஒரு வீடு, இரண்டு பியானோ

புது வீட்டில் புதுச் சிக்கல். சுவர்கள் மெல்லியவை. ராபர்ட் இசை எழுதும்போது கிளாரா பயிற்சி செய்தால் அவருக்குத் தொந்தரவு. அதனால் நிறுத்துவது யார்? கிளாராதான். நாட்டின் முன்னணி பியானோ கலைஞர், கணவர் வெளியே போகும் நேரம் பார்த்துப் பயிற்சி செய்தார். வீட்டிலிருந்தே வேலை பார்க்கும் தம்பதிகளில், யாருடைய மீட்டிங் முக்கியம் என்ற சண்டையைப் பார்த்தவர்களுக்கு இது புரியும்.

1841 முதல் 1854 வரை எட்டுக் குழந்தைகள். ஒரு மகன், எமில், ஒன்றரை வயதுக்குள் இறந்தான். இதற்கு நடுவிலும் அவர் மேடையை விடவில்லை. 1842-ல் வட ஜெர்மனிப் பயணத்தில், ஓல்டன்பர்க் அரண்மனையிலிருந்து கிளாராவுக்கு மட்டும் அழைப்பு வந்தது. ராபர்ட்டுக்கு அது பெரிய அவமானம். அவர் வீடு திரும்பினார், கிளாரா கோபன்ஹேகன் போனார். 1844-ல் குழந்தைகளை உறவினர் வீட்டில் விட்டுவிட்டு ரஷ்யாவுக்கு நீண்ட பயணம். அங்கே கிடைத்த வருமானம் குடும்பத்துக்குப் பெரிய ஆதரவு. கூடவே போன ராபர்ட் பெரும்பாலும் உடம்பு சரியில்லாமல் இருந்தார்.

1849 மே மாதம் டிரெஸ்டனில் கலகம் வெடித்தது. ராபர்ட்டைப் படையில் சேர்க்கத் தேடி வந்தபோது, அவரையும் மூத்த மகளையும் அழைத்துக்கொண்டு கிளாரா பின்வாசல் வழியாக ஊரைவிட்டு வெளியேறினார். பிறகு துப்பாக்கிச் சண்டை நடந்துகொண்டிருந்த நகரத்துக்குள் திரும்பிப் போய், மற்ற குழந்தைகளைக் கூட்டி வந்தார். அப்போது அவர் 7 மாதக் கர்ப்பிணி.

மேடையை விடாதவர் கைவிட்டது இசை எழுதுவதை. பெண்கள் இசையமைக்க ஆசைப்படக் கூடாது என்று 20 வயதிலேயே டைரியில் எழுதி வைத்தவர் அவர். அதையும் மீறி 1846-ல் எழுதிய பியானோ ட்ரியோ இன்று உலகம் முழுக்க வாசிக்கப்படுகிறது. டூசல்டார்ஃபில், ராபர்ட்டைத் தொந்தரவு செய்யாமல் பயிற்சி செய்ய இடமிருந்த ஒரு வீடு கிடைத்தது. 1853 கோடையில் மளமளவென்று எழுதினார்: வயலின்-பியானோவுக்கான மூன்று ரொமான்ஸ்கள், பாடல்கள், ராபர்ட்டின் கருப்பொருள் மீது வேறுபாடுகள். இடம் கிடைத்தால் என்ன ஆகியிருக்கும் என்பதற்கு அந்த ஒரு கோடைதான் நம் கையில் இருக்கும் தரவு.

1854-க்குப் பிறகு

1854 பிப்ரவரி 27 அன்று ராபர்ட் ரைன் நதியில் குதித்தார். காப்பாற்றி, பான் நகரத்துக்கு அருகே எண்டெனிக் மனநலக் காப்பகத்தில் சேர்த்தார்கள். கிளாரா அப்போது கர்ப்பமாக இருந்தார். பார்க்க வர வேண்டாம் என்று மருத்துவர்கள் சொல்லிவிட்டார்கள். இரண்டரை ஆண்டுகள் கழித்து, இறப்பதற்கு இரண்டு நாள் முன்புதான் கணவரைப் பார்த்தார். 1856 ஜூலை 29 அன்று ராபர்ட் இறந்தார்.

கடைசிப் பிள்ளை ஃபெலிக்ஸ் பிறந்தது 1854 ஜூனில். அதே அக்டோபரில் கிளாரா கச்சேரிப் பயணம் கிளம்பிவிட்டார். நிதி திரட்ட நன்மைக் கச்சேரி நடத்தலாம் என்று நண்பர்கள் முன்வந்தபோது வேண்டாம் என்றார். தன் வேலையால் சம்பாதிக்க முடியும் என்பது அவர் நிலைப்பாடு. அவர் ஊரில் இல்லாதபோது வீட்டைப் பார்த்துக்கொண்டவர்களில் ஒருவர் 21 வயது பிராம்ஸ். அந்த வீட்டுக் கணக்கு நோட்டில் வரவு செலவு எழுதியதும் அவர்தான். அந்த நட்பு கிளாராவின் சாவு வரை, 40 ஆண்டுகளுக்கு மேல் நீடித்தது. அது காதலா என்று ஆராய்ந்தவர்கள் ஏராளம். நிறையக் கடிதங்கள் அழிக்கப்பட்டுவிட்டன என்பதால் நான் அந்தப் பக்கம் போகவில்லை. இசை எழுதுவது மட்டும் இத்துடன் ஏறக்குறைய நின்றுபோனது. அப்போது அவருக்கு வயது 36.

அதன்பின் வருடத்தில் பல மாதம் ரயில், ஹோட்டல், மேடை. இங்கிலாந்துக்கு மட்டும் எத்தனையோ முறை. பிள்ளைகள் விடுதிகளிலும் தெரிந்தவர்கள் வீடுகளிலும் வளர்ந்தார்கள். 1863-ல் பாடன்-பாடன் அருகே வாங்கிய சின்ன வீட்டில் கோடைக்கு மட்டும் எல்லாரும் ஒன்றுசேர்வார்கள்.

நிகழ்ச்சி நிரல்களிலும் இந்த மாற்றம் தெரியும். சிறுமியாக இருந்தபோது, விரல் வேகத்தைக் காட்டும் அன்றைய ஹிட் துண்டுகளும் சொந்தப் படைப்புகளும்தான் அதிகம். பின்னாளில் பாக், பேத்தோவன், ஷோபான், மெண்டல்சன், பிறகு ராபர்ட் ஷூமான். ராபர்ட்டின் பியானோ கான்செர்ட்டோவை 1845-ல் முதன்முதலில் வாசித்தவரும் இவரே. ரசிகர்கள் பழகாத இசையை, கேட்டுக் கேட்டுப் பழகும் வரை திரும்பத் திரும்ப நிரலில் வைத்தார். இன்றைய பியானோ கச்சேரியின் பட்டியல் எப்படி இருக்க வேண்டும் என்ற எதிர்பார்ப்பு உருவானதில் அவருக்குப் பெரிய பங்கு உண்டு.

1872-ல் மகள் ஜூலி பாரிஸில் இறந்த செய்தி வந்த நாளில், ஹைடல்பர்க்கில் அவருக்குக் கச்சேரி. ரத்து செய்யவில்லை. கூடப் பாடவிருந்தவரிடமும் சொல்லாமல் வாசித்து முடித்தார். இதை மன உறுதி என்று புகழ்பவர்கள் உண்டு, கல்நெஞ்சு என்பவர்களும் உண்டு. எனக்கு இரண்டும் சரியாகப் படவில்லை. துக்கத்துக்கு லீவு இல்லாத வேலை அது.

அடுத்த ஓரிரு ஆண்டுகளில் கை வலி மோசமாகி, ஒரு வருடத்துக்கு மேல் மேடை ஏற முடியவில்லை. பியானோ கலைஞருக்குக் கை போனால் சம்பளம் போச்சு. நிலையான வேலை ஒன்றைப் பற்றி அவர் யோசித்ததில் ஆச்சரியம் இல்லை.

58 வயதில் முதல் நிரந்தர வேலை

1878-ல் ஃபிராங்ஃபர்ட்டின் புதிய ஹோக் இசைக் கல்லூரி அவரை அழைத்தது. கிளாரா பேசி வாங்கிய நிபந்தனைகள் இன்றைய ஆஃபர் லெட்டரிலும் அபூர்வம்: தினம் ஒன்றரை மணி நேரம் மட்டும் வகுப்பு, அதுவும் தன் வீட்டிலேயே, வருடத்துக்கு 4 மாத விடுமுறை, நடுவே கச்சேரிக்குப் போக அனுமதி. மகள்கள் மரியும் யூஜெனியும் உதவி ஆசிரியைகளானார்கள். பெண்களை ஆசிரியர்களாக எடுப்பதில்லை என்பது கல்லூரி இயக்குநர் ராஃபின் கொள்கை. கிளாராவை ஆண் கணக்கில் சேர்த்துக்கொள்வதாக அவர் எழுதியது அந்தக் காலத்துப் பாராட்டு!

அதே ஆண்டு அக்டோபரில், 9 வயதில் முதலில் வாசித்த அதே கெவாண்ட்ஹவுஸில் அவருடைய 50-வது மேடை ஆண்டைக் கொண்டாடினார்கள். நிகழ்ச்சி முழுக்க ராபர்ட்டின் படைப்புகள்.

ராபர்ட்டின் மொத்தப் படைப்புகளையும் பதிப்பித்தவர் கிளாராதான். எது வெளியே வர வேண்டும், எது வேண்டாம் என்று முடிவெடுத்தவரும் அவர். கடைசிக் காலப் படைப்புகள் ராபர்ட்டின் பெயரைக் கெடுத்துவிடும் என்று பயந்தார். செல்லோவுக்கான ஐந்து ரொமான்ஸ்களை எரித்தார். அவை போனது போனதுதான். வெளியிட வேண்டாம் என்று ஒதுக்கிய வயலின் கான்செர்ட்டோ 1937-ல்தான் மேடைக்கு வந்தது. இதை நியாயப்படுத்துவது கஷ்டம்.

வீட்டிலும் கணக்கு சுலபமாக இல்லை. மகன் லுட்விக் 1870 முதல் சாகும் வரை மனநலக் காப்பகத்தில். ஃபெலிக்ஸ் 24 வயதில் காசநோயால் போனார். ஃபெர்டினாண்ட் போரில் பட்ட அவதியில் மார்ஃபினுக்கு அடிமையாகி 1891-ல் இறந்தார். அவர் பிள்ளைகளின் செலவும் பாட்டி தலையில் விழுந்தது. 70 வயது தாண்டியும் அவர் பாடம் நடத்தியதற்கு இசைப் பற்று மட்டும் காரணம் இல்லை.

1891 மார்ச் 12 அன்று ஃபிராங்ஃபர்ட்டில் கடைசிப் பொதுக் கச்சேரி. இன்னொரு கலைஞரோடு, இரண்டு பியானோவில், பிராம்ஸின் ஹேடன் வேறுபாடுகள். மறு ஆண்டு கல்லூரியிலிருந்து விலகினார். 1896 மே 20 அன்று, 76 வயதில் இறந்தார். பிற்காலத்தில் ஜெர்மனியின் 100 மார்க் நோட்டில் அவர் முகம் வந்தது. யூரோ வரும் வரை அது கைக்குக் கை மாறியது.

பானில் ராபர்ட்டின் கல்லறையிலேயே அவரையும் புதைத்தார்கள். அங்கே உள்ள நினைவுச் சின்னம் 1880-ல் திறக்கப்பட்டது. அதற்கு நிதி திரட்ட 1873-ல் நடந்த விழாவில் வாசித்தவர் கிளாரா. சின்னத்தின் மேலே ராபர்ட்டின் முகம். கீழே, அவரை அண்ணாந்து பார்த்தபடி கலைத் தேவதை ஒன்று உட்கார்ந்திருக்கிறது. அதற்குக் கிளாராவின் சாயல்.