ஜி. சுப்பிரமணிய ஐயரும் லிபரல் கொள்கையும்

அருப்புக்கோட்டையை அடுத்த பாளையம்பட்டியிலும், திருச்சுழி வரை பரந்து கிடக்கும் வானம் பார்த்த பூமியிலும், தொழில் வர்த்தகங்களில் சர்க்கார் தலையிடலாமா என்ற கேள்வி வெறும் ஏட்டு விவாதமன்று. பருத்தி விளைவிக்கும் குடியானவனுக்கும் தறியில் அமரும் நெசவாளிக்கும் அது சோற்றுப் பிரச்னை. லிபரல் கொள்கையின் மெய்ப்பொருள் யாது என்று வாதிடும் அன்பர்கள், ஸ்ரீ ஜி. சுப்பிரமணிய ஐயரின் சரித்திரத்தை நினைவு கூர்வது நலம்.

1855-ல் திருவையாற்றில் பிறந்த ஐயர், உபாத்தியாயராக இருந்தவர். 1878-ல் நண்பர் ஐவருடன் ‘ஹிந்து’ பத்திரிகையையும், 1882-ல் ‘சுதேசமித்திர’னையும் ஸ்தாபித்தார். 1885-ல் பம்பாயில் கூடிய முதல் காங்கிரஸில் முதல் தீர்மானத்தைப் பிரேரேபித்தவரும் அவரே. ஆங்கில லிபரல் ஆசிரியர்களிடம் அவர் தலைமுறை கற்ற பாடம் தனி மனிதனின் உரிமை. அதை அவர் சொல்லோடு நிறுத்தவில்லை. விதவையான தம் புதல்விக்கு 1889-ல் மறுவிவாகம் செய்வித்து, அதனால் வந்த பகிஷ்காரத்தையும் சகித்தார்.

அப்பாடத்திற்கு மற்றொரு பாகமும் உண்டு. ஆடம் ஸ்மித்தின் வழிவந்த மான்செஸ்டர் கட்சியார், வர்த்தகத்தைத் தன் போக்கில் விடுவதே சுதந்திரம் என்றனர். அதன் பெயரால் 1882-ல் சீமைத்துணியின் மீதிருந்த இறக்குமதி வரி எடுபட்டது. பொக்கிஷம் வறண்டு வரி திரும்பியபோது, 1896-ல் அந்நியத் துணிக்கு நூற்றுக்கு மூன்றரை வீதம் விதித்து, இந்திய ஆலைத் துணிக்கும் அதே வரியைச் சுமத்தினர். இருவருக்கும் ஒரே விதி என்பது நியாயம்போல் தோன்றும். நெடுந்தூரம் முன்னே ஓடிவிட்டவனையும் இப்போதுதான் எழுந்து நிற்பவனையும் ஒரே பந்தயத்தில் விடுவது நியாயமாகுமா?

ஆகாது என்று ஐயர் கண்டார். 1892-ல் புனாவில் ரானடே காட்டிய வழியைத் தொடர்ந்து, 1903-ல் பிரிட்டிஷ் ஆட்சியின் பொருளாதார விளைவுகளைப் பற்றி ஆங்கிலத்தில் நூல் எழுதினார். இளந்தொழில்களைச் சர்க்கார் காக்கவேண்டும் என்று வாதித்தார். தொழிலாளர் சங்கம் அமைக்கும் உரிமையையும் ஆதரித்தார்.

இதனால் அவர் சுதந்திரத்தைக் கைவிட்டார் என்று கூறலாமா? கூடாது. தொழிலைக் காக்கும் அதிகாரத்தைச் சர்க்காருக்கு அளிக்கச் சித்தமாயிருந்தவர், பேனாவை அடக்கும் அதிகாரத்தை அளிக்கவில்லை. 1908-ல் இராஜத்துரோகக் குற்றச்சாட்டில் கைதானதே இதற்குச் சான்று. கொடிய நோயால் வருந்தி 1916-ல் காலமானார்.

பின்னாளில் நிலைமை மாறிற்று. சுயராஜ்ய சர்க்காரின் லைஸென்ஸும் பெர்மிட்டும் மிதமிஞ்சிவிட்டன என்று கண்ட ராஜாஜி, 1959-ல் சுதந்திராக் கட்சியைத் தோற்றுவித்தார். ஐயர் சர்க்காரை அழைத்தார். ராஜாஜி விலகச் சொன்னார். இருவரும் தனி மனிதனின் பெயராலேயே பேசினர். ஐயர் கண்ட விலங்கு அந்நிய மூலதனம். ராஜாஜி கண்ட விலங்கு உத்தியோகஸ்தனின் முத்திரை.

ஆகவே, பழைய லிபரலா, புதிய லிபரலா என்று பெயருக்காகப் போராடுவது வீண். எளியவன் கையில் இன்று கிடக்கும் விலங்கு எது, அதைப் பூட்டியவர் யார் என்று கேட்பதே முறை. தாம் கற்ற பாடத்தையே அக்கேள்வியால் சோதித்துப் பார்க்கத் துணிந்ததுதான் சுப்பிரமணிய ஐயரின் பெருமை.