மண்ணைக் கல்லாக்கிய எலினோர் கோட்

மலைநாட்டின் பழைய துரை பங்களாக்களில், வாசற்படியின் இருபுறமும் பீடத்தின்மேல் நிற்கும் பூச்சாடிகளை நம்மில் பலர் கண்டிருப்போம். விரிந்த வாய், ஒடுங்கிய அடி, இரண்டு கைப்பிடிகள். சுற்றிலும் இலைக்கொடியோ பூமாலையோ புடைத்து நிற்கும். இத்தகைய சாடிகளை ஆங்கிலேயரின் தோட்டங்களில் பரவச் செய்தவர்களுள் முன்னிற்பவர் எலினோர் கோட் என்னும் பெண்மணி. பெண்கள் கல்லூரி ஒன்றின் நூற்றாண்டு மலரில் அவரை நினைப்பது பொருத்தமே.

அவர் 1733 ஜூன் 3ஆம் திகதி இங்கிலாந்தின் எக்ஸிற்றர் நகரில் பிறந்தார். தந்தை ஜோர்ஜ் கோட் கம்பளி வணிகர். தாய்வழிப் பாட்டி கணவரை இழந்த பின்பு புடவை வணிகத்தைத் தாமே ஏற்று நடத்தியவர். பேத்தியும் அந்த வழியே வந்தார். குடும்பம் இலண்டனுக்குக் குடிபெயர்ந்தபின் தம் சொந்தப் பெயரில் துணி வணிகம் செய்தார். 1769இல் தந்தையின் வணிகம் முறிந்தது. அதே ஆண்டில் எலினோர், தேம்ஸ் நதியின் தென்கரையில் லம்பெத் என்ற இடத்தில் தள்ளாடிக்கொண்டிருந்த செயற்கைக் கல் தொழிற்சாலை ஒன்றை வாங்கினார்.

தொழிற்சாலையை விற்ற டானியல் பின்கொட் அங்கேயே பணியில் தொடர்ந்தார். ஆனால் வெளியாரிடம் தாமே உரிமையாளர் என்பதுபோல நடந்துகொண்டார். பெண்ணொருத்தி முதலாளி என்றால் எவரும் நம்பமாட்டார்கள் என்று எண்ணினார் போலும். 1771 செப்டெம்பரில் எலினோர் பத்திரிகைகளில் அறிவித்தல் கொடுத்தார்: அவருக்கு உரிமை எதுவும் இல்லை, தாமே உரிமையாளர் என்று. பின்கொட் போனார். இளஞ்சிற்பி ஜோன் பேக்கன் சிற்ப வேலைகளின் பொறுப்பை ஏற்றார்.

அது கிரேக்க, உரோமப் பழமையின்மேல் ஐரோப்பாவுக்கு மோகம் பிடித்திருந்த காலம். இத்தாலியில் கல்லறைகளைத் தோண்டி எடுத்த மண்சாடிகளைச் சீமான்கள் போட்டியிட்டு வாங்கினர். வில்லியம் ஹமில்ட்டன் சேர்த்த தொகுதியை 1772இல் பிரித்தானிய அருங்காட்சியகம் வாங்கியது. ஜோசையா வெட்ஜ்வுட் 1769இல் தம் புதிய மட்பாண்டத் தொழிற்சாலைக்கு எத்ரூரியா என்று பெயரிட்டார். அந்தச் சாடிகள் இத்தாலியின் எத்ருஸ்கர் செய்தவை என்பது அன்றைய நம்பிக்கை. உண்மையில் அவற்றிற் பெரும்பாலானவை கிரேக்கரின் கைவேலை.

தோட்டத்துச் சாடியின் மூதாதையும் அந்தக் கிரேக்க மண்பாத்திரமே. விருந்துகளில் திராட்சை மதுவையும் தண்ணீரையும் கலக்கும் அகன்ற வாய்ப் பாத்திரம் அது. பிற்காலத்தில் உரோமச் செல்வர்களுக்காக அதே வடிவைச் சலவைக்கல்லில் பெரிதாகச் செதுக்கினார்கள். இன்று பாரிஸ் லூவ்ரில் உள்ள போர்கேசே சாடி அத்தகையது. நமக்கும் இது அந்நியமான கதையன்று. ஆதிச்சநல்லூரிலும், நம் நாட்டின் பொம்பரிப்பிலும் இறந்தவர்களை இட்டுப் புதைத்த தாழிகள் கிடைத்திருக்கின்றன. கும்பம் வைக்காத மங்கல காரியம் நம்மிடம் ஏது?

சலவைக்கல் விலை கூடியது. இலண்டனின் புகையிலும் மழையிலும் அரிக்கும். சாதாரணச் சுட்ட மண்ணோ நீரை உறிஞ்சும். நுவரெலியாவில் தைமாதப் பனி தேயிலைக் கொழுந்தைக் கருக்குவதைப் பார்த்தவர்களுக்கு உறைபனி என்னவென்று தெரியும். மண்ணுக்குள் ஊறிய நீர் உறைந்து விரிந்தால் சாடி வெடித்துவிடும். எலினோர் விற்ற பொருள் இரண்டுக்கும் விடையாக அமைந்தது. வெண்களியுடன் முன்பே சுட்டு அரைத்த மண், தீக்கல் தூள், நுண்மணல், கண்ணாடித் தூள் ஆகியவற்றைக் கலந்து பிசைவார்கள். சாடியின் உடல், அடி, கைப்பிடி என்று தனித்தனியே அச்சில் அழுத்தி எடுத்து, குழைத்த களியால் ஒட்டி, ஏறத்தாழ 1,100 பாகை வெப்பத்தில் நான்கு நாட்கள் சுடுவார்கள். சூளையில் அது சுருங்கும் அளவைக் கணக்கிட்டே அச்சு செய்யவேண்டும். சூளை வெப்பமானி இல்லாத காலத்தில் நான்கு நாட்கள் ஒரே சீராக நெருப்பைக் காப்பது எவ்வளவு பெரிய காரியம்! இருமுறை சுட்ட கல் என்று பொருள்படும் கிரேக்கப் பெயரை அவர் அதற்குச் சூட்டினார். கல் என்று விற்றாலும் அது மண்தான். கிரேக்கக் குயவன் வனைந்த பாத்திரம், உரோமரின் கல்லைக் கடந்து மறுபடி மண்ணுக்கே வந்துவிட்டது.

1784இல் வெளிவந்த அவரது விலைப்பட்டியலில் 700க்கும் மேற்பட்ட பொருட்கள் இருந்தன. சாடிகள், சிலைகள், வாயில் அலங்காரங்கள், கல்லறைச் சின்னங்கள் என்று எல்லாம். மூன்றாம் ஜோர்ஜ் மன்னரும் அவருடைய வாடிக்கையாளர். கப்டன் வில்லியம் பிளையின் கல்லறையும் இந்தக் கல்லே. லம்பெத்தில் அது நிற்கும் பழைய தேவாலயம் இப்போது தோட்டக்கலை அருங்காட்சியகம். கல்லறையின் உச்சியிலுள்ள சாடியிலிருந்து எழும் சுடரை, பிளை கப்பலில் கொண்டுசென்ற ஈரப்பலாவின் காய் என்றே பலரும் நினைக்கிறார்கள்.

எலினோர் மணம் செய்யவில்லை. வணிகத்தில் மரியாதைக்காகத் திருமதி கோட் என்றே அழைக்கப்பட்டார். தாயின் பெயரும் எலினோர். இதனால் பின்வந்தவர்கள் தொழிலை நடத்தியவர் தாய் என்று எழுதிவைத்தார்கள். 1821 நவம்பரில் தமது 88ஆவது வயதில் காலமானபோது, தம் சொத்தில் பல பகுதிகளைப் பெண்களுக்கு எழுதிவைத்திருந்தார். மணமானவர்களுக்குக் கொடுத்த பணத்தில் கணவருக்கு அதிகாரம் இல்லை என்பதையும் உயிலில் சேர்த்திருந்தார். மனைவியின் பணம் சட்டப்படி கணவனுக்கே சேர்ந்த காலம் அது.

தாயா மகளா என்ற குழப்பத்தைத் தீர்த்தவர் அலிசன் கெல்லி. பழைய ஆவணங்களைத் தேடிப் படித்து அவர் எழுதிய நூல் 1990இல் வெளிவந்தது. சாடிகளின் அடியில் அச்சிட்டிருந்த கோட் என்ற பெயர் மகளுக்கு உரியதென்று அதன் பிறகே பரவலாகத் தெரியவந்தது.