கொள்ளிடத்தை மறித்த என்ஜினீயர்

ஆற்றில் தண்ணீர் ஓடுகிறது; வயலுக்கு வந்து சேரவில்லை. 1830-ஐ ஒட்டிய ஆண்டுகளில் தஞ்சை ஜில்லா விவசாயிகளின் நிலைமை இதுதான். அதை மாற்றி அமைத்தவர் ஆர்தர் காட்டன் என்ற ஆங்கில என்ஜினீயர்.

காட்டன் 1803-ம் ஆண்டு மே மாதம் 15-ந் தேதி இங்கிலாந்தில் பிறந்தார். 15-வது வயதில் ராணுவப் பள்ளியில் சேர்ந்தார். 1821-ல், 18 வயது வாலிபராகச் சென்னை வந்து இறங்கினார். சில ஆண்டுகளில் காவிரிப் பாசன வேலை அவரிடம் ஒப்படைக்கப்பட்டது.

தண்ணீர் போன வழி

திருச்சிக்கு மேற்கே முக்கொம்பில் காவிரி இரண்டாகப் பிரிகிறது. தென் கிளை காவிரி. வட கிளை கொள்ளிடம். நடுவில் இருப்பது ஸ்ரீரங்கம் தீவு. தஞ்சையின் வாய்க்கால்களுக்குத் தண்ணீர் கொடுப்பது காவிரி. கொள்ளிடமோ வெள்ளத்தைக் கடலுக்குக் கொண்டுபோகும் வடிகால்.

கொள்ளிடத்தின் படுகை தாழ்வானது. கடலுக்குப் போகும் வழியும் குறுகியது. ஆகவே தண்ணீர் அந்தப் பக்கமே சாய்ந்தது. வேகம் குறைந்த காவிரியில் வண்டல் படிந்து, படுகை மேடாகிக்கொண்டே வந்தது. மேடாக ஆக, தண்ணீர் இன்னும் குறைந்தது. ஆண்டுதோறும் தூர் வாரியும் பயனில்லை. கடைமடை நிலங்கள் காய்ந்தன. தண்ணீரைத் தேக்கி வைக்க மேட்டூர் அணையும் அப்போது கிடையாது; அது 1934-ல் வந்தது.

கொள்ளிடத்தின் தலைப்பில் குறுக்கே அணை கட்டினால் தண்ணீர் காவிரிக்குத் திரும்பும் என்று காட்டன் கண்டார். ஆனால் அங்கே பாறை இல்லை. தோண்டத் தோண்ட மணல்தான். மணல்மேல் கட்டிய சுவர் வெள்ளத்தில் நிற்குமா?

கல்லணை கற்பித்த பாடம்

விடையைக் கல்லணையில் கண்டார் காட்டன். கரிகால் சோழன் கட்டியதாகச் சொல்லப்படும் அந்த அணையும் மணல்மேல்தான் நிற்கிறது. மணலில் அஸ்திவாரத்தை நிலைநிறுத்தும் வித்தையைப் பழங்காலத் தமிழர்களிடமிருந்தே கற்றதாக அவர் மனந்திறந்து ஒப்புக்கொண்டார்.

1836-ல் வேலை தொடங்கியது. மணலில் கிணறுகளை இறக்கி, அவற்றின்மேல் சுவர் எழுப்பினார்கள். வழிந்து விழும் தண்ணீர் அடிமணலை அரித்துவிடாதபடி கீழ்ப்புறம் கல்தளம் போட்டார்கள். அணையின் நீளம் ஏறக்குறைய 750 கஜம். இதுவே மேலணை. கொள்ளிடத்தில் 70 மைலுக்குக் கீழே, அணைக்கரையில் கீழணையும் எழுந்தது. வீராணம் ஏரிக்குத் தண்ணீர் தருவது இந்தக் கீழணைதான்.

காவிரியில் தண்ணீர் பெருகியது. காய்ந்த வயல்களில் மீண்டும் நெல் விளைந்தது. ஆனால் ஆறு வேறொரு பாடம் கற்பித்தது. இப்போது காவிரிக்கு அளவுக்கு மீறித் தண்ணீர் பாய்ந்தது. அதன் படுகை அரித்து ஆழமாகத் தொடங்கியது. பழைய தொல்லை தலைகீழாகத் திரும்பியது. 1840-களில் மேலணையின் நடுப்பகுதியைத் தாழ்த்தி, காவிரியின் தலைப்பிலும் படுகை மட்டத்தில் ஒரு சுவர் கட்டிய பிறகே இரு ஆறுகளின் பங்கும் சீர்ப்பட்டது. ஓர் ஆற்றைத் தடுப்பது பாதி வேலைதான். இரண்டையும் சமன் செய்வதே முழு வேலை என்பது தெளிவாயிற்று.

கோதாவரியின் நன்றி

காவிரியில் பெற்ற அனுபவத்தோடு காட்டன் கோதாவரிக்குச் சென்றார். பஞ்சத்தில் அடிபட்ட ஜில்லா அது. அங்கே தவளேஸ்வரத்தில் 1847-ல் தொடங்கிய அணை 1852-ல் முடிந்தது. அந்த டெல்டாவே பசுமையாகியது. ஆந்திர விவசாயிகள் இன்றும் அவருக்குச் சிலை வைத்து மாலையிடுகிறார்கள். ரயில் பாதையைவிட வாய்க்காலே இந்தியாவுக்கு முதல் தேவை என்று அவர் கடைசிவரை வாதாடினார்.

1861-ல் அவருக்கு 'சர்' பட்டம் கிடைத்தது. 1899 ஜூலையில், 96-வது வயதில், இங்கிலாந்தில் டார்க்கிங் என்ற ஊரில் காலமானார்.

முக்கொம்பு மேலணையில் பிற்காலத்தில் மதகுகள் அமைக்கப்பட்டன. 2018 ஆகஸ்டு வெள்ளத்தில் அவற்றில் 9 மதகுகள் இடிந்து விழுந்தன. அருகிலேயே புதிய கதவணை எழுந்தது. சுவர் மாறினாலும் அதன் வேலை மாறவில்லை. காவிரிக்கு எவ்வளவு, கொள்ளிடத்துக்கு எவ்வளவு என்ற கணக்கு, காட்டன் கோடு கிழித்த அந்த இடத்தில்தான் இன்றும் தீர்க்கப்படுகிறது.